எட்டாம் நம்பர் மீட்டர்

அடியே,

இன்று ஆடிப்பெருக்கு. ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே புளியோதரை வாசனை. பாபநாசம் பக்கத்து மில்காரர் வருஷா வருஷம் போலத் தூக்கு நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறார். "பதினெட்டு குடுத்த மேடத்துக்குன்னு சொல்லச் சொன்னாருங்க" என்றார் கொண்டுவந்த டிரைவர். நீ இல்லாமல் போனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தூக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். உன் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன். காரம் கொஞ்சம் தூக்கல், உனக்குப் பிடித்த மாதிரி.

நீ அந்தப் பதினெட்டைக் கொடுத்தது ஒரு தை அறுவடைச் சமயம். ஒரே வளாகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அரிசி மில்கள். எல்லா மில்லின் கரண்ட் மீட்டர்களையும் ஒரே ஒயரில் கோத்து, அளவுகளை ஆபீசுக்கு அனுப்பக் கடைசியில் ஒரு மோடம் வைத்திருந்தோம். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடும். அந்த நம்பர் உள்ள மீட்டர் மட்டும் தன் அளவைச் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வரிசையில் திடீரென்று எட்டு வாயே திறக்கவில்லை. ஒன்பது என்னவோ உளறியது. நம் மேனேஜருக்கு விசாரணையே தேவைப்படவில்லை. "எட்டாம் நம்பர்காரன் மீட்டர்ல கை வச்சிருக்கான். சாயங்காலம் கரண்ட்டக் கட் பண்ணச் சொல்லி எழுதிடுறேன்" என்றார்.

நாம் போனபோது அந்த மில்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தொட்டி நிறைய நெல் ஊறிக்கொண்டிருந்தது. அவிக்காமல் விட்டால் நாறிவிடும். அத்தனையும் ஊர்க்காரர்கள் அவரை நம்பிக் கொடுத்த நெல். "நான் ஒண்ணுமே பண்ணலம்மா" என்றார் திரும்பத் திரும்ப. நீ மேனேஜருக்குப் போன் போட்டாய். "பதில் வரலங்கறதுக்காக ஒருத்தரத் திருடன்னு சொல்லிட முடியாது சார். நாங்க பாத்துட்டுச் சொல்ற வரைக்கும் எழுதாதீங்க." கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. உன்னோடு வேலை பார்ப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு பெருமை. அன்றைக்கு அது கொஞ்சம் தலைக்கே ஏறிவிட்டது.

மோடத்தை மாற்றலாம் என்றேன், ஒயரை மாற்றலாம் என்றேன். "சும்மா இருடி. ஒவ்வொருத்தரா கழட்டிவிட்டுக் கேப்போம்" என்றாய். உமித் தூசியில் தும்மிக்கொண்டே ஒவ்வொரு மீட்டராக ஒயரிலிருந்து கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினாய். ஒன்பதாவதைக் கழற்றியதும், லேப்டாப்பில் அந்த ஒன்பதையே கூப்பிட்டாய். தெளிவாகப் பதில் வந்தது. கழற்றிப் போட்ட மீட்டர் எப்படியடி பேசும்? நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே நீ எட்டாவது மில்லுக்குள் போய்விட்டாய். அங்கே மீட்டர் திரையில் ஒன்பது என்று இருந்தது.

மில்காரர் தலையைச் சொறிந்தார். "எட்டு நமக்கு ஆகாதுங்கம்மா. எலக்ட்ரீஷியன்கிட்ட சொன்னேன், பட்டன அமுக்கி ஒம்போதாக்கிக் குடுத்துட்டாரு. அதுல என்னங்க தப்பு?"

ஒன்பது என்று கூப்பிட்டதும் இரண்டு மீட்டர்கள் ஒரே நேரத்தில் பேசியிருக்கின்றன. உளறல் அதுதான். எட்டு என்று பதில் சொல்லத்தான் ஆளே இல்லை.

நான் சிரித்துவிட்டு, வேறு யாருக்கும் இல்லாத பதினேழு தருகிறேன் என்றேன். அவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துப் பதறினார். "ஒண்ணும் ஏழும் எட்டுல்லங்க!" நீ சிரிக்கவில்லை. "பதினெட்டு வச்சுக்குங்கண்ணே. கூட்டுனா ஒம்போது. காவிரிக்கே ஆடிப் பதினெட்டுதானே விசேஷம், உங்களுக்கு ஆகாதா?" மனுஷருக்கு முகமெல்லாம் பல். பதினெட்டைப் பதிந்தாய், பட்டனுக்குப் பூட்டுப் போட்டாய், மேனேஜரிடம் சொன்னாய். கொதிகலனில் ஆவி கிளம்பும்வரை அங்கேயே நின்றாய்.

திரும்பும் வழியில், வரிசையிலிருந்து எட்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், தெனமும் அதையும் கேக்கட்டும். இந்த ஊர்ல எட்டு யாருக்கும் வேணாம். அதுல பதில் வந்தா, வெளியூர்க்காரன் எவனோ நம்ம ஒயர்ல கை வச்சிருக்கான்னு அர்த்தம்" என்றாய். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

வீணாக எதற்கு அந்த எட்டு என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். நான் எடுக்க விடவில்லை. இன்று காலையும் கம்ப்யூட்டர் எட்டைக் கூப்பிட்டது. நீ குறித்து வைத்துவிட்டுப் போன அத்தனை விநாடியும் பதிலுக்குக் காத்திருந்தது. பிறகு ஒன்பதுக்குப் போனது.

எங்காவது ஒரு மீட்டர் பேசாமல் போனால், "என்னடி பண்ணலாம்?" என்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பிக் கேட்டுவிடுகிறேன். கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். அப்புறம் எழுந்து போய், ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பிக்கிறேன்.