நின்றபடியே காய்ந்த மரங்கள்

கணியூர்
2 டிசம்பர் 2024
பதிவுத் தபால்

திரு. ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு,

1. 14.3.2024: என் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் பனியன்களை வாங்கும் அமெரிக்க அம்மையார் திருமதி ஹார்க்கரின் ஏழாம் தலைமுறை மூதாதை ஜோயல் ஹார்க்கர், பென்சில்வேனியாவில் உழுது பயிரிட்டவர், ஊர்க்காவல் படையில் கேப்டனாக இருந்தவர் என்று சொன்னீர்கள். அவருடைய வாழ்க்கையைத் தேடி எழுதித் தரும்படி கேட்டீர்கள். "நீங்க எழுதறதுல ஒரு வரி மாத்தமாட்டேனுங்க மச்சான்" என்று என் தங்கை சித்ரகலாவின் முன்னால் சொன்னீர்கள்.

2. 30.9.2024: வரிப்பட்டியல், படைப் பெயரேடு, கிரயப் பத்திரம், உயில், 1832இல் அவர் கொடுத்த ஓய்வூதிய மனு ஆகியவற்றின் படிகளை ஆறரை மாதம் படித்து எழுதிய பன்னிரண்டு அத்தியாயங்களை உங்களிடம் ஒப்படைத்தேன்.

3. 21.11.2024: அச்சான புத்தகம் வந்தது. அதில் பதினோரு அத்தியாயங்கள் இருந்தன. என் பதினொன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் பன்னிரண்டாவதற்குப் பதினொன்று என்று எண் இட்டிருக்கிறீர்கள். வெட்டிய இடம் தெரியாமல் தைப்பது உங்கள் தொழில் என்பதை மறந்திருந்தேன்.

4. அதே நாள்: அட்டையில் ஆசிரியர் பெயராக உங்கள் மகன் சசிகுமாரின் பெயரைக் கண்டேன். பென்சில்வேனியா எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். அதற்குக் கடற்கரையே இல்லை என்று சொன்னால் மகிழ்வேன். என் பெயர் கடைசிப் பக்கத்தில், பைண்டிங் செய்தவர் பெயருக்குக் கீழே, "மொழி உதவி" என்று இருக்கிறது.

5. 27.11.2024: ஒரு மனிதரின் எழுபத்தெட்டு ஆண்டுகளை "மண்ணின் மைந்தர் கேப்டன் ஹார்க்கர்" என்று சுருக்கிப் பனியன் கழுத்தில் தொங்கும் அட்டையில் அச்சடித்ததோடு நில்லாமல், அதன் மாதிரியைப் பெருமையுடன் எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

நீங்கள் எடுத்துவிட்ட அத்தியாயம் எதைப் பற்றியது என்பதை நினைவூட்டுகிறேன். 1779 செப்டம்பரில், அந்தப் பகுதியின் பூர்வகுடிகள் வாழ்ந்த ஊர் ஒன்றுக்குள் ஊர்க்காவல் படை நுழைந்தது. அறுவடைக்கு நின்ற மக்காச்சோளத்தைக் கொளுத்தியது. பழமரங்களை வெட்ட நேரமில்லாததால் அடிமரத்துப் பட்டையை வட்டமாக உரித்துவிட்டுப் போனது. அப்படி உரித்தால் மரம் விழாது, நின்றபடியே காயும். அந்தப் படையின் பெயரேட்டில் ஜோயல் ஹார்க்கர் என்ற பெயர் இருக்கிறது. பதினேழு ஆண்டுகள் கழித்து அதே நிலத்தைக் கிரயம் வாங்கியவர் பெயரும் ஜோயல் ஹார்க்கர். அழித்தவரே வாங்கி, உழுது, நல்ல விவசாயி என்று பெயரும் எடுத்தார். தம் ஓய்வூதிய மனுவில் அந்த மாதத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குற்றமுள்ளவர்கள் சொல்லாமல் விடுவதையும் படிப்பதுதான் வரலாறு.

அச்சடித்த படிகளை விலக்கிக்கொண்டு முழு நூலையும் என் பெயரில் வெளியிடுவீர்களா என்பதை 10 டிசம்பருக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியை எடுக்கமாட்டேன்.

இங்ஙனம்,
ப. தரணீதரன்
வரலாற்றுப் பேராசிரியர்

*

திருப்பூர்
7.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஈஸ்வரமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உங்க கடுதாசிய கோர்ட் நோட்டீஸுன்னு நினைச்சு மேனேஜர் முருகேஷு நேரா வக்கீலுகிட்டக் கொண்டுட்டுப் போயிட்டானுங்க. அவரும் படிச்சுப்போட்டு, "எதிர்க்கட்சி வக்கீல் ரொம்ப நல்லா எழுதியிருக்காரு, யாருங்க அவரு?"ன்னு கேட்டாராம். எம்பட மச்சானுன்னு சொன்னதுக்கு ஃபீஸ் வாங்கலீங்க.

பேரு விசயம் தப்புதானுங்க, ஒத்துக்கறேன். சசிக்கு ஒரு பேரு கிடைக்கட்டும்னு ஆசைப்பட்டுப்போட்டேன். புது அட்டை அடிக்கச் சொல்லியாச்சு, உங்க பேரு மட்டுந்தான் இருக்கும்.

ஆனா அந்த அத்தியாயம் வேண்டாமுங்க. அந்தம்மா தை மாசம் ஏழாந் தேதி நம்ம வீரபாண்டி புது யூனிட்டத் திறந்து வைக்க வர்றாங்க. விருந்துக்கு வர்றவங்க கையில, உன்ற பாட்டன் ஊரைக் கொளுத்துனவன்னு எழுதிக் குடுக்கறது நம்ம பக்கத்துப் பழக்கமுங்களா? சாப்பாட்டு எலையைப் போட்டுட்டுப் பழைய பஞ்சாயத்தப் பேசுவோமுங்களா?

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் பி.யூ.சி. பெயிலு. ஆனா அந்த அத்தியாயத்த மூணு தடவை படிச்சேனுங்க. "நின்றபடியே காய்ந்த மரங்கள்"னு நாலு எடத்துல எழுதியிருக்கீங்க. எண்ணிப் பாத்தேன். அது கேப்டனுக்கு எழுதுனதுங்களா, எனக்கு எழுதுனதுங்களா?

சித்ரா உங்களுக்குப் பச்சமாவும் நிலக்கடலை உருண்டையும் குடுத்துவிடறா. அதையும் பதிவுத் தபால்ல திருப்பி அனுப்பிப்போடாதீங்க.

அன்புடன்,
ஈஸ்வரமூர்த்தி

*

கணியூர்
11 டிசம்பர் 2024

திரு. ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு,

தின்பண்டம் வந்தது. அது தங்கை அனுப்பியது, பெற்றுக்கொண்டேன். உங்கள் கடிதம் ஒரு பதிலாகாது. விருந்தோம்பலைக் காட்டி வரலாற்றை மூடும் தந்திரத்தை உங்கள் ஏற்றுமதியாளர் கூட்டங்களில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கைதட்டுவார்கள்.

எந்தச் சொல்லை எத்தனை முறை எழுதினேன் என்று எண்ணியிருக்கிறீர்கள். ஆடையில் தையல் விட்ட இடத்தைத் தேடுகிறவரின் வாசிப்பு அது. அத்தியாயத்தின் பொருளை மறுக்க ஒரு சான்றேனும் உங்களிடம் உண்டா? என்னிடம் பெயரேடும் கிரயப் பத்திரமும் உள்ளன. ஒரே வட்டாரம், ஒரே பெயர், ஒரே நிலம். இதைவிடத் தெளிவான வழக்கை என் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் கண்டதில்லை. முதலாண்டு மாணவனுக்குக்கூட விளங்கும். உங்களுக்கும் விளங்கியதால்தான் எடுத்துவிட்டீர்கள்.

டிசம்பர் 31க்குள் அந்த அத்தியாயம் நூலில் சேராவிட்டால், அதை நானே ஆங்கிலத்தில் பெயர்த்துத் திருமதி ஹார்க்கருக்கு நேரடியாக அனுப்பிவைப்பேன். அதன் பிறகு உங்கள் திறப்பு விழாவுக்கு அவர் வருவதும் வராததும் அவர் மனச்சான்றைப் பொறுத்தது. உங்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கக்கூடும்.

இங்ஙனம்,
ப. தரணீதரன்

*

திருப்பூர்
27.12.2024

மச்சான் அவர்களுக்கு,

நலம். இந்தக் கடுதாசிய வேடிக்கையா எழுத வரலீங்க.

உங்க மிரட்டலப் படிச்சுப்போட்டு எங்க மக மோனிஷாவுக்குப் போனு போட்டேன். அமெரிக்காவுல அவ வேலை செய்யற ஊருல இருந்து ஹார்க்கர் இருந்த கவுண்டி, நம்ம ஜில்லா மாதிரி, மூணு மணி நேரம் கார்ல. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு அம்மிணி நேராப் போயி, அங்கத்த ஆவணக் காப்பகத்துல உக்காந்து பாத்திருக்கா. அவ எடுத்த போட்டோவெல்லாம் இதோட வச்சிருக்கேன். கண்ணாடியப் போட்டுட்டு நிதானமாப் பாருங்க.

ஜோயல் ஹார்க்கர் ஒருத்தனில்லீங்க. ரெண்டு பேரு. அவங்க பாட்டன் பேரு ஜோயல். பாட்டனுக்கு ரெண்டு மகனுங்க. அண்ணனும் தன்ற மகனுக்கு அப்பன் பேர வச்சான், தம்பியும் தன்ற மகனுக்கு அப்பன் பேர வச்சான். ஊரக் கொளுத்தப் போனதும் அந்த நெலத்த வாங்குனதும் தம்பி மகன். அந்தம்மாளோட பாட்டன் அண்ணன் மகன். 1779 செப்டம்பர் ஒம்பதாந் தேதி, சோளம் எரிஞ்ச அதே வாரம், நம்மாளு தன்ற ஊருல ஒரு பக்கத்துத் தோட்டத்துக்காரரு உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கான். ஓய்வூதிய மனுவுல இருக்கற கையெழுத்தும் அதுவும் ஒண்ணு. கிரயப் பத்திரத்துல இருக்கறது வேற. அந்தக் கோடை பூராவும் ஆத்தங்கரைக் காவல்ல நின்னேன்னு மனுவுல சொன்னானே, அது நெசமுங்க. சொல்லாம விட்டதுன்னு ஒண்ணுமே இல்லை. செய்யாததை என்னத்தச் சொல்றது?

இதுல எனக்கு எது ஆறலைன்னா, மச்சான், இது உங்களுக்குத் தெரியாத விசயமா? பாட்டன் பேரைப் பேரனுக்கு வைக்கறது நம்ம வழக்கமில்லீங்களா? நானும் எங்க பெரியப்பன் மகனும் ரெண்டு பேரும் ஈஸ்வரமூர்த்தி. ஆறாவதுல அவன் வாத்தியார் சைக்கிள் காத்தப் புடுங்கிவிட்டதுக்கு, பேரேட்டுல பேரைப் பாத்து வாத்தியார் என்னைய வெளுத்தாரு. "சார், அவன் வேற ஈஸ்வரமூர்த்தி"ன்னு சொல்ல ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும். நீதான் பக்கத்துல உக்காந்திருந்தே. வாயத் தொறக்கலே. அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம பாத்துட்டிருந்தவன்தான் இன்னிக்குக் கேப்டனுக்கும் தீர்ப்பெழுதியிருக்கே.

உன்னைய நீன்னு எழுதிப்போட்டேன். சித்ராவக் கட்டுன நாள்ல இருந்து சொல்லாத சொல்லு. அடிச்சுத் திருத்தலை, இருக்கட்டும்.

என்னையக் கேக்க வேண்டியது ஏதாச்சும் இருந்தா என்னையக் கேட்டிருக்கலாமுங்க. செத்துப்போன மனுசனப் போட்டு அடிச்சிருக்க வேண்டாம்.

தை ஏழுக்கு வாங்க. தாய்மாமன் வந்து நிக்கோணும்னு சசியும் மோனிஷாவும் சொல்றாங்க.

ஈஸ்வரமூர்த்தி

*

கணியூர்
2 ஜனவரி 2025
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

திரு. ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு,

மோனிஷா அனுப்பிய படங்களை மூன்று நாள் பார்த்தேன். என் மருமகளின் வேலையில் பிழையில்லை. நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையை அவள் செய்திருக்கிறாள். அவளுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். கேப்டன் ஜோயல் ஹார்க்கர் அந்தச் சோளத்தைக் கொளுத்தவில்லை. அந்த மரங்களைத் தொடவில்லை. பதினொன்றாம் அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புத்தகத்தில் அது வேண்டாம். என் பெயரும் வேண்டாம். இறந்து நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலான ஒரு விவசாயியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை.

சைக்கிள் விஷயமும் உண்மை. பேசாமல் இருந்தேன். அது என்னுடைய முதல் மௌனம்; கடைசி மௌனம் அல்ல.

நான்கு முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிச் சொன்னீர்கள். மீண்டும் எண்ணினேன், நான்குதான். அது கேப்டனுக்கு எழுதியதா, உங்களுக்கு எழுதியதா என்று கேட்டீர்கள். உங்களுக்குத்தான். ஆவணங்களில் நான் தேடியது அவரை அல்ல. ஒருவர் இன்னொருவருடைய வயலை அழித்துவிட்டு, பிறகு அதையே விலைக்கு வாங்கியதற்கான சான்றை. தேடியவனுக்குத் தேடியது கிடைத்தது. வரலாற்றாசிரியன் செய்யக்கூடிய மிகக் கேவலமான பிழை அது. செய்தேன்.

என்னைக் கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். கேட்கிறேன்.

2008 ஐப்பசியில் ஆறு நாள் அடைமழை. வீரபாண்டியில் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே இருந்தது உங்கள் சாயப்பட்டறை. மழை பெய்யும்போது கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டால் பள்ளத்து வெள்ளத்தோடு கலந்து போய்விடும், யாருக்கும் தெரியாது என்பது அன்றைக்குப் பலருடைய கணக்கு. மழை விட்ட மறுநாள் எங்கள் கிணற்றில் அப்பா இறைத்த வாளித் தண்ணீர் கருநீலமாக இருந்தது. அவர் உங்களை அழைத்துக் காட்டினார். நீங்கள் வாளிக்குள் கைவிட்டுப் பார்த்து, "பாறைத் தண்ணீங்க மாமா, நாலு நாள்ல தெளிஞ்சுக்கும்" என்றீர்கள். நான் அங்கே இருந்தேன். உங்கள் விரல் நகங்களில் அதே கருநீலம் ஏறியிருந்ததையும் பார்த்தேன்.

அடுத்த கோடைக்குள் அறுபத்திரண்டு தென்னைகளும் குருத்துச் சாய்ந்தன. ஒன்றுகூட விழவில்லை. 2010இல் அந்த நிலத்தை மருமகன் என்ற உரிமையில் நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். காய்ந்த தோட்டத்தை எடுத்துக்கொண்ட பெருந்தன்மையை ஊர் பாராட்டியது. அப்பாவும் பாராட்டினார். மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தப் பாராட்டோடுதான் இறந்தார். கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. தங்கையின் வாழ்க்கை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பதினாறு ஆண்டுகள் உங்கள் வீட்டில் விருந்து சாப்பிட்டேன். உங்கள்மேல் எனக்கிருக்கும் அருவருப்பில் சரிபாதி எனக்கும் உரியது. அந்தப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

அந்த இடத்தில்தான் தை ஏழாம் நாள் ஒரு அம்மையார் ரிப்பன் வெட்டப் போகிறார்.

1832இல் எழுபத்தெட்டு வயதுக் கிழவர் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று, எந்தக் கோடையில் எந்த ஆற்றங்கரையில் யாருடைய ஆணையின் கீழ் நின்றேன் என்று சத்தியம் செய்து சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் மெய் என்று உங்கள் மகளே நிறுவியிருக்கிறாள். அதைவிட மேலாக உங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதே அளவு போதும். தொட்டியைத் திறந்தது எந்த நாள்? திறக்கச் சொன்னது யார்? அந்த வாளிக்குள் கைவிட்டபோது அது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? அன்று அந்த வட்டாரத்தில் வேறு சாயப்பட்டறைகளும் இருந்தன. வேறு ஈஸ்வரமூர்த்தி ஒருவர் உண்டென்றால் அதையும் எழுதுங்கள். சான்றோடு எழுதினால், கேப்டனிடம் கேட்டதுபோல உங்களிடமும் மன்னிப்புக் கேட்பேன். இந்த முறை பெயரேட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதமாட்டேன்.

தொலைபேசியில் சொல்லக்கூடாது. முருகேஷ் மூலமாகவோ, வக்கீல் மூலமாகவோ, தின்பண்டம் கொடுத்துவிடும் தங்கை மூலமாகவோ கூடாது. உங்கள் கையெழுத்தில், இரண்டு படிகள். ஒன்று எனக்கு. மற்றதை நீங்களே சித்ரகலாவின் கையில் கொடுத்து, அவள் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருங்கள்.

மார்கழி கடைசி நாள், 13 ஜனவரி 2025, மாலை ஐந்து மணிக்குள் எழுத்துப்பூர்வமான பதில் என் கையில் இருக்க வேண்டும்.

ப. தரணீதரன்
கிரயப் பத்திரத்தின் முதல் சாட்சி