இரண்டு அம்பியர்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் செத்தவீட்டில் நான் களவெடுத்தேன்.

உன் பெட்டியைச் சுற்றிச் சனம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அலுமாரிக்கு மேலே கறுப்பாய் ஒரு சாமான் கண்ணில் பட்டது. என்னுடைய அம்பியர் மீற்றர். இருபது வருடத்துக்கு முன், "கொண்டுபோய்க் கடலுக்கை எறி" என்று உன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேனே, அதே மீற்றர். சேட்டுக்குள் செருகி, நெஞ்சைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். துக்கம் தாங்காமல் நெஞ்சைப் பிடிக்கிறேன் என்று நினைத்து, உன் மனைவி எனக்கொரு சோடா உடைக்கச் சொன்னாள். அதையும் குடித்தேன்.

துக்கமில்லையடா, கோபம். இத்தனை வருடமும் உன்னோடு கதைக்காமல் இருந்தது, ஒருநாள் நீயாக வந்து "பிழை விட்டிட்டன் மச்சான்" என்பாய் என்றுதான். அதைச் சொல்லாமலே போய்ப் படுத்துவிட்டாய். இனி நான் ஆரோடு சண்டை பிடிக்கிறது?

குருநகரில் திருநாள் என்றால் தெருவுக்குத் தெரு போட்டிக்கு வளைவு கட்டுவோம். பக்கத்துத் தெருவார் பலகையில் இரண்டு சம்மனசுகள், அதுதான் தேவதூதர்கள், செய்து செட்டையை, சிறகை, அடிக்க வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் வாயை விட்டேன்: "நாங்கள் கப்பல் விடுவம்." பலகையும் தகரமுமாய்க் கப்பல். பாய்மரம் முட்ட நாற்பது பல்பு. லைன் இழுக்கிற வேலை உனக்கு, வாயடிக்கிற வேலை எனக்கு. நாலு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியார்தான் தெருவுக்குத் தலைவர். அவருடைய மகளைத்தான் நான் பூசை நேரமெல்லாம் செபப் புத்தகத்துக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். "கப்பல் நல்லாய் நிண்டுதெண்டால், திருநாள் முடிய மிச்சம் கதைப்பம் தம்பி" என்றிருந்தார். என் வாழ்க்கை முழுக்க அந்த நாற்பது பல்பில் தொங்கியது.

கரண்ட் அளக்க மீற்றர் இல்லாமல் உனக்கு வேலை ஓடாது. பருத்தித்துறையில் ஒரு ரேடியோ திருத்துகிறவரிடம் பழசொன்று வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தேன். தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் தலைகுப்புற விழுந்தேன். ஊர் வந்து சேர, நீ என் தோல் உரிந்த முழங்காலைப் பார்த்துச் சிரித்தாய்.

"பாலத்திலை நிண்டது ஆரடா? வடிவானவளோ?"

"விசர்க்கதை கதையாதை. மீற்றருக்கு ஒண்டுமில்லை, பார்."

மேசையில் படுக்க வைத்துக் காட்டினேன். முள்ளு பூச்சியத்தில் நல்ல பிள்ளையாய்க் கிடந்தது.

திருநாளன்று பின்னேரம், வளைவுக் கம்பத்தில் ஆணி அடித்து மீற்றரைத் தொங்கவிட்டு லைனைப் போட்டாய். கப்பல் பளிச்சென்றது. சனம் கைதட்டியது. நீ மட்டும் சிகரெட் பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டாய்.

"மச்சான், நாப்பது வாட் பல்பு நாப்பது. ஆயிரத்து அறுநூறு வாட். இருநூற்று முப்பது வோல்ற்றாலை பிரிச்சால் ஏழு அம்பியர். மீற்றர் ஒன்பது எண்டுது. உந்த ரெண்டும் எங்கை போகுது?"

"எங்கையாவது போகட்டும். என்ரை கலியாணத்துக்கு வருவினம்."

நீ சிரிக்கவில்லை. "பகிடி இல்லை. இருநூற்று முப்பதை ஏழாலை பிரிச்சால் தடை முப்பத்திமூண்டு வரவேணும். ஒன்பதாலை பிரிச்சால் இருபத்தைஞ்சரை. தடை குறைஞ்சிட்டுது. அப்ப கரண்ட் வேறை வழியாலையும் ஓடுது. ரெண்டு அம்பியர் எண்டால் நாநூற்று அறுபது வாட், அரை ஸ்திரிக்கைப்பெட்டிச் சூடு. தகரம், ஈர மணல், சின்னனுகள் வந்து தொங்குதுகள். நான் விடமாட்டன்."

பியூஸைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டாய். நான் காலில் விழாத குறை. சம்மாட்டியார் வந்து கேட்டார்: "என்ன தம்பி, கப்பல் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சோ?" கடைசியில் அவரே ஒரு பெற்றோமாக்ஸைக் கொண்டுவந்து பாய்மரத்தில் கட்டினார். அடுத்த தெருவில் சம்மனசுகள் செட்டை அடித்தன. ஆறு மாதம் கழித்து, அந்தச் செட்டைக்கு மோட்டர் பூட்டினவனுக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கலியாணவீட்டில் நானும் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல், இரண்டு தரம்.

கரண்ட் ஒழுகிற இடத்தைக் கண்டுபிடித்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். இரண்டு நாள் வயரை அங்குலம் அங்குலமாய்த் தடவினாயே, என்ன கிடைத்தது? "கிடைக்கேல்லை எண்டதுக்காக இல்லை எண்டில்லை" என்றாய். அப்போதுதான் மீற்றரைக் கடலுக்குள் எறியச் சொன்னேன். ஒரு பயந்தாங்கொள்ளியின் கணக்குக்காக என் தலைவிதி மாறிவிட்டது என்று இருபது வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லையாம். அதுவும் எனக்குக் கோபம்.

இன்னும் கேள். வீட்டில் ஸ்திரிக்கைப்பெட்டியைத் தொடுக்கும் முன் வயரை அங்குலம் அங்குலமாய்த் தடவுகிறேன். மனைவி சிரிக்கிறாள். "சின்னனுகள் இருக்குதுகள்" என்கிறேன். என் வாயில் வருவது உன் குரல். அதற்கும் உன்னைத்தான் திட்டுகிறேன்.

மீற்றர் இப்போது என் மேசையில், சுவரோடு சாய்ந்து நிற்கிறது. சைக்கிளால் விழுந்த மூலை நசுங்கியிருக்கிறது. வயர் ஒன்றும் தொடுக்கவில்லை. முள்ளு இரண்டில் நிற்கிறது. படுக்க வைத்தேன், பூச்சியம். திரும்ப நிமிர்த்தினேன், இரண்டு.