உச்சந்தலையில் ஒரு மஞ்சள் குருவி

அக்கா, இன்று நாம் இருவரும் மாட்டிய அந்த வி.ஆர். கண்ணாடியை முகத்தில் மாட்டியதும், அதைத் துடைத்த ஸ்பிரிட்டின் வாசனை குப்பென்று அடித்தது. கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பிசியோதெரபி பெண் பின்னாலேயே வந்து, "ஏன் அக்கா, தலை சுத்துதா?" என்றாள். இல்லையென்றேன். உட்கார முடியவில்லை, வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

வண்டியிலிருந்து விழுந்து தோள் நரம்பு அடிபட்டு, பொம்மசந்திரா ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு நான் முதலில் அந்தப் பிசியோதெரபி சென்டருக்கு வந்தபோது, நீங்கள் வெறும் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். பக்கவாதம் வந்த வலது கை மடியில் கிடந்தது. கண்ணாடியை மாட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதே அறை, அதே நாற்காலிகள், அதே நீங்கள். ஆனால் நம் தோள்களில் மஞ்சள் குருவிகள் வந்து உட்கார்ந்தன. வராத கையைத் தூக்கி அவற்றை விரட்ட வேண்டும். நீங்களோ நைசாக இடது கையால் விரட்டினீர்கள்.

"அக்கா, இது கள்ளாட்டம்!"

"நீ உன் குருவியப் பாரும்மா."

ஒருநாள் கண்ணாடியைப் பிடுங்கி எறியப் போனீர்கள். "எனக்குக் குருவியெல்லாம் வேணாம். என் தலைய நானே வாரிக்கணும். தெனமும் மருமக முன்னாடி குனிஞ்சு உக்கார முடியல."

பிசியோதெரபி பெண் யோசித்துவிட்டு, குருவியை உங்கள் உச்சந்தலையில் உட்கார வைத்தாள். "ஸ்வல்ப மேல, ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம்." கை காதுவரை நடுங்கி ஏறி விழுந்தது. ஆத்திரத்தில் அழுதீர்கள். வாரக்கணக்கில் இப்படியே போனது. என் குருவிகளை மறந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் கை உச்சியைத் தொட்டது. குருவி பறந்த பிறகும் நீங்கள் கையை எடுக்கவில்லை. முடியைத் துழாவி, "எவ்ளோ கொட்டிப்போச்சு பாரேன்" என்றீர்கள்.

சில வாரங்களில் மறுபடியும் பக்கவாதம். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு நான் ஓடி வந்தபோது சவப்பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். உங்கள் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா என்னைச் சீப்பத் தொடவே விடலக்கா."

இன்று உள்ளே திரும்பிப்போய்க் கையைத் தூக்கினேன். முழுதாக ஏறியது. "இனி நீங்க வர வேணாம் அக்கா, வேலைக்குப் போலாம்" என்றாள் அந்தப் பெண். பஸ்ஸில் உட்காரப் பிடிக்காமல் பாதி வழியில் இறங்கி நடந்தேன். கை சரியானதை யாரிடம் சொன்னாலும், நல்லதாப்போச்சு என்கிறார்கள். 'எனக்கு முன்னாடி நீ எப்படி இங்கேருந்து போலாம்?' என்று சண்டைக்கு வர நீங்கள் இல்லை. 'நீங்கதானே முன்னாடி போனீங்க' என்ற பதிலை மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு இன்னமும் நடக்கிறேன், அக்கா.