என் நாற்காலிக் கையில் ஓர் ஈரக் கைக்குட்டை

பிரியமுள்ள ரங்குவுக்கு,

நம் பம்ப் கம்பெனியில் பதினொரு மணி டீ பெல் இன்னும் அதே கரகரப்போடுதான் அடிக்கிறது. வரைபடப் பிரிவில் மட்டும் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. உன் மேசைக்கு வந்திருக்கும் புதியவரோடு நான் பேசுவதில்லை. காரணம் கேட்காதே. நான் பேசாதவர்களின் பட்டியல் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாதா? மூன்று வருடம் அதில் முதலிடத்தில் இருந்தவன் நீதானே.

உனக்கு ஒரு செய்தி. என் கண் கெட்டுக்கொண்டு வருகிறது. திரையில் ஆறும் எட்டும் ஒன்றாகத் தெரிகின்றன. போன மாதம் ஓர் அளவைத் தப்பாகப் போட்டதில், வரைபடம் வார்ப்படப் பட்டறை வரை போய்த் திரும்பி வந்தது. இன்னொரு முறை நடந்தால் ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். முப்பது வருடம் கோடு போட்டவன் இனி நட்டும் போல்ட்டும் எண்ண வேண்டுமாம்.

கண் டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "கண்ணு ரொம்பக் காஞ்சு போயிருக்குதுங்க. நடுநடுவுல எந்திரிச்சு மூஞ்சி கழுவுங்க. தூரமா எதையாச்சும் பாருங்க." அத்தனையும் நீ சொன்னது.

பெல் அடித்ததும் எல்லோரும் டீக்கடைக்கு ஓடுவார்கள். நீ ஷூவைக் கழற்றுவாய். வெறுங்காலோடு பின்பக்கக் குழாய்க்குப் போய் முகம், கழுத்து, கால் கழுவி வருவாய். கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, நான்காக மடித்துக் கண்மேல் போட்டுச் சாய்ந்துகொள்வாய். பிறகு ஒரு டம்ளர் வெந்நீரோடு சன்னலருகே நின்று மேற்கு மலையைப் பார்ப்பாய். மொத்தம் பத்து நிமிஷம். நம் இரண்டு மேசைக்கும் அந்த ஒரே சன்னல். அதனால்தான் என்னைப் பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்தாய்.

"ஏனப்பா, பொண்ணு பாக்கக் கிளம்பிட்டியா?" என்பேன்.

"உன்ற மூஞ்சியக் கண்ணாடில பாரு பங்காளி, மாவு மில்லுல இருந்து வந்தாப்ல இருக்குது. ஒருக்காக் கழுவிப்போட்டு வா. கம்பெனி எங்கயும் ஓடிப்போயிராது."

நான் எழுந்திருக்கமாட்டேன். டீயை மேசைக்கே வரவழைத்துக் குடித்துக்கொண்டு கோடு போடுவேன். மேலே இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்று நம்பினேன். பார்த்தார்கள். பார்த்துவிட்டு, டிப்ளமோ படித்த உன்னைப் பிரிவுத் தலைவராக்கினார்கள். எம்.இ. படித்த நான் உனக்குக் கீழே.

அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன். நீயும் வற்புறுத்தவில்லை. ஆனால் மறுநாள் பதினொரு மணிக்கு என் நாற்காலிக் கையில் ஓர் ஈரக் கைக்குட்டை இருந்தது. வெள்ளை, நீலக் கரை, நான்காக மடித்தது. நான் தொடவில்லை. மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. சாயங்காலம் எடுத்துப்போனாய், அடுத்த நாளும் நனைத்து வைத்தாய். இப்படியே மூன்று வருடம். ஜெயித்தவன் போடும் பிச்சை என்று எண்ணி எண்ணி எரிந்தேன்.

பிறகு மேட்டுப்பாளையம் ரோட்டில் அந்த லாரி. நீ காலையில் வேலைக்கு வரும் வழியில். உடம்பை அப்படிப் பார்த்துக்கொண்டவனைத்தானா கொண்டுபோக வேண்டும்? யாரிடம் போய்க் கேட்பது? அந்த லாரிக்காரனும் என் பட்டியலில் இருக்கிறான்.

போன வாரம் உன் டிராயரில் இருந்ததை எடுத்துப்போக உன் வீட்டுக்காரி வசந்தா வந்திருந்தாள். பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அண்ணா, இது உங்களுதுங்க. ஊட்டுலயே இருந்துபோச்சு. 'அம்மணி, அது பங்காளியோடது, சோப்புப் போட்றாத, அவனுக்குக் கண்ணு எரியும்'னு அவரு சொல்லுவாருங்க. வெறும் சுடுதண்ணிலதான் அலசுவேன். இப்பக் கண்ணு தேவலைங்களாண்ணா?"

என் கண்ணைப் பற்றி எனக்கே தெரியாத நாளில் உனக்கு எப்படித் தெரிந்தது? நாம் பேசாமல் இருந்ததை அவளிடம் நீ சொல்லவே இல்லையா?

"தேவலைம்மா. என்னுதுதான்" என்று வாங்கிக்கொண்டேன். அவள் அலசி அனுப்பியதை ஒரு நாளும் தொட்டதில்லை என்று எப்படிச் சொல்வது?

இன்று பெல் அடித்ததும் எழுந்தேன். ஷூவைக் கழற்றினேன். வெறுங்காலுக்குத் தரை இவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். முகம் கழுவி, கைக்குட்டையைக் கண்மேல் போட்டுச் சாய்ந்தேன். எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிறகு நம் சன்னலுக்குப் போனேன். எதிரே ஒரு குடோன் எழும்பி மலையில் பாதியை மறைத்திருந்தது. சுவரில் பாசி பிடித்துப் பழசாகிக் கிடந்தது. எப்போது கட்டினார்கள்? மிச்சமிருந்த பாதி மலையைத்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டு நின்றாயா?

ஸ்டோர்ஸுக்கு அனுப்புவார்களோ, தெரியாது. அந்தப் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதை உன் படத்துக்கு முன்னால் நின்றும் சொல்வேன். ஆனால் பதினொரு மணிக்கு அதை நினைக்கமாட்டேன். எந்த மேசையில் உட்கார வைத்தாலும் அந்தப் பத்து நிமிஷம் எழுந்து போவேன். இந்தக் கைக்குட்டையை இனி நானே நனைத்துக்கொள்வேன், ரங்கு. சும்மா காயவிடமாட்டேன்.

பாதி சன்னலுக்குச் சொந்தக்காரனான
உன் பங்காளி,
தண்டபாணி