ஆறேகால் மணி இரைச்சல்

சனி, ஆடி 3

காலையிலிருந்தே காற்று. தென்காசிப் பக்கம் சாரலாம், இங்கே புழுதிதான். காயப்போட்ட துணியைத் திரும்ப அலசினேன்.

ரேடியோவில் மறுபடி இரைச்சல். இவர் பேட்டரி ஸ்கூட்டரை சார்ஜில் போட்டால்தான் வருகிறது, இன்று கண்டுபிடித்தேன். பிளக்கைப் பிடுங்கினால் செய்தி தெளிவு. போட்டால் வண்டு குடைகிற சத்தம். மலிவாக வாங்கிய சார்ஜர்.

இவரிடம் சொன்னேன். "திங்கக்கிழமை உன் பேச்சு முடியுற வரைக்கும் சாயங்காலம் சார்ஜே போடல, போதுமா ஏளா?"

ஞாயிறு

நாளை 6.15, வானொலியில் என் உரை. பத்து நிமிடம். போனிலும் கேட்கலாம், ஆனால் அத்தைக்கு, இவர் அம்மாவுக்கு, ரேடியோதான். அவர் கேட்கத்தான் எழுதினேன். கைக்கு வந்த டீச்சர் வேலையை, மாமியார் வேண்டாம் என்றதால் விட்ட கதை. இத்தனை வருடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. குறை சொல்லவில்லை, வலித்தது என்று மட்டும்.

இவர் மட்டும் படித்தார். "நல்லாத்தான் இருக்கு." பிறகு தாளை மடித்து, மறுபடி பிரித்துப் படித்தார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

வாங்க: உளுந்து, ரேடியோவுக்கு பேட்டரி.

திங்கள்

சாயங்காலம் டீ குடிக்க வந்தவர், வண்டியை விட்டுவிட்டுத் தன் கடைக்கு நடந்தே போனார். "இன்னைக்கு உன் நாளுல்லா, சார்ஜே வேண்டாம்." சந்தோஷம்.

அத்தை தலை சீவி ரேடியோ முன்னால். "ஏட்டி செல்வி, எம்பேரு வருமா?"

போட்டதும் வண்டு. திருப்பி வைத்தேன், ஜன்னலில் வைத்தேன். வண்டிக்கு சார்ஜ் போடும் முன்வாசல் பிளக் காலி. போனில் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் குரல் எங்கோ அடியில். முடிந்தே விட்டது.

பிறகுதான் பார்த்தேன். பின் சந்தில், தார்ப்பாய்க்கு அடியில் ஸ்கூட்டர். தண்ணி மோட்டார் பிளக்கில் சார்ஜர்.

மறதி என்று சொல்லிப் பார்த்தேன். சந்துக்குள் வண்டி போக, துவைகல்லை நகர்த்த வேண்டும். நகர்த்தியிருக்கிறார்.

செவ்வாய்

கேட்டேன். "சார்ஜ் இல்லாம, சரக்கெடுக்க கடையநல்லூருக்கு உருட்டிட்டா போவேன்?" முகத்தைப் பார்க்கவில்லை. என் பேச்சு அவருக்கு என்ன செய்தது? விளங்கவில்லை.

மாலை, அவரைக்காய் நறுக்கும்போது அத்தை: "வண்டுதான் பேசுச்சு. நீ என்ன பேசுன, இப்ப சொல்லு."

சொன்னேன். எல்லாம்.

கத்தி நின்றது. "நானா வேண்டாம்னேன்? ஏட்டி, நீதான போவ மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னதா அவன் சொன்னான்."

அத்தை வேண்டாம் என்றதாக என்னிடம் சொன்னதும் இவர்தான்.

நிலைப்படியில் இவர். அந்த வண்டி வருவது காதில் விழாது.

"உள்ள வாலே," என்றார் அத்தை.