ஆற்று முனையில் இளவெயில்

ஜூன் 4

இன்றும் ஏ.சி. ஓடவில்லை. வானிலை மையத்துக்கே புழுக்கம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு பழைய கோப்பால் விசிறிக்கொண்டே வேலை பார்த்தேன்.

தானியங்கி நிலையங்கள் அனுப்பும் எண்களில் பொய்யைப் பிடிப்பது என் வேலை. ஒன்று கோடையில் உறைபனி காட்டும். இன்னொன்றின் மழைமானிக்குள் குருவி கூடு கட்டியிருக்கும். தொல்லை தராத பிள்ளைகள் என்றால் மலையுச்சி நிலையமும் அதன் அடிவாரத்தில் இருக்கும் ஆற்று முனை நிலையமும்தான். இளவெயில், லேசான காற்று. ஓய்வு பெற்றதும் அங்கேயே போய்விடலாம் போலிருக்கிறது. ஆற்று முனையில் வீடு கட்டிய என் தங்கை கொடுத்து வைத்தவள்.

ஜூன் 9

தங்கை பேசினாள். "நாலஞ்சு நாளா தூறிக்கிட்டே இருக்குண்ணா. துணி காயவே மாட்டேங்குது."

திரையைப் பார்த்தேன். வெயில். "உன் வீட்டு மேல மட்டும் மேகம் குடித்தனம் வந்திருக்கா?" என்றேன்.

அவள் கணவர் போனைப் பிடுங்கினார். "மச்சான், உங்க வெயில்ல கொஞ்சம் பார்சல் அனுப்புங்க!"

சிரித்தோம். போனை வைத்த பிறகு அந்த எண்களை மறுபடி பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 10

இரண்டு நிலையங்களின் வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். ஒரே கோடு. மலையுச்சியும் ஆற்றங்கரையும் ஒரே நிமிடத்தில் சூடாகி ஒரே நிமிடத்தில் குளிர்கின்றன. உச்சி இன்னும் குளிராக இருக்க வேண்டாமா? நேற்றைய கோட்டை எடுத்தேன். அதேதான். முந்தாநாளும் அதேதான். அங்கே ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது.

இத்தனை காலம் எப்படி என் கண்ணில் படவில்லை? அழகாக இருந்ததாலா?

கருவிகளைப் பராமரிக்கும் மெக்கானிக்கைக் கேட்டேன். "அந்த ரெண்டுமா? பேட்டரி செத்து மாசக்கணக்காச்சு சார். புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்."

அப்படியென்றால் இந்த வெயிலை அனுப்புவது யார்?

ஜூன் 11

பிடித்துவிட்டேன். ஒரு நிலையம் பேசாவிட்டால், பக்கத்து நிலையத்தைப் பார்த்து அதன் எண்ணை நிரப்பும்படி மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. உச்சிக்குப் பக்கம் ஆற்று முனை. ஆற்று முனைக்குப் பக்கம் உச்சி. புது எண் வராவிட்டால் முந்தின நாள் எண்ணையே எடுத்துக்கொள்ளும். செத்தபின் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்டிருக்கின்றன. யார் மேலும் படாத வெயில்.

காரணம் தெரிந்தால் பயம் போக வேண்டும். எனக்கு இப்போதுதான் ஆரம்பித்தது. மலை மறைப்பதால் அந்தப் பள்ளத்தாக்கு ரேடாரில் தெரியாது. இந்த எண்களை வைத்துத்தான் அங்கே முன்னறிவிப்பு போகிறது. உச்சியில் உண்மையில் எவ்வளவு மழை கொட்டியிருக்கிறது? எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

இயக்குநரிடம் ஓடினேன். "எழுதிக் குடுங்க. மாத்தணும்னா குழு கூடணும்" என்றார். கத்த வேண்டும்போல இருந்தது. எழுதிக் கொடுத்தேன்.

பிறகு ஆற்று முனைக்குப் பேசினேன். ரெண்டு பேரும் உடனே கிளம்பி வாங்க என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "உங்க ஆபீஸ் வெப்சைட்ல சூரியன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது மச்சான். நீங்களே நம்பலேன்னா எப்படி?"

"அது பொய் மாப்பிள்ளை."

"சரி, உங்க தங்கச்சிய அனுப்பறேன். இன்னிக்குத்தான் தூறல் விட்டுச்சு, எல்லாத் துணியையும் துவைச்சுக் கொடியில போட்டாச்சு. காய்ஞ்சதும் மடிச்சு வெச்சுட்டு நாளைக்கு வர்றேன்."

ஜூன் 12

காலையில் தங்கை ஒரே ஒரு பையோடு வந்தாள். மத்தியானம் ஆற்று முனைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை.

ஜூன் 13

இல்லை.

ஜூன் 20

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மெக்கானிக் நேரில் போய் வந்தார். "நம்ம கருவிக் கம்பமே இல்ல சார். அந்த வீடுங்களும்..."

இருக்கைக்கு வந்தேன். திரையில் ஆற்று முனை: இளவெயில், லேசான காற்று. வெள்ளம் வந்த அந்த மத்தியானத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றும் இளவெயில், லேசான காற்று. பாவி, ஒரு சொட்டு மழையாவது காட்டக்கூடாதா?

ஜூன் 24

தங்கை வாய் திறந்தாள். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "அங்க இன்னிக்கு எப்படிண்ணா இருக்கு?"

போனில் எங்கள் வெப்சைட்டைத் திறந்து நீட்டினேன். மஞ்சள் சூரியன். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்றுதான் முதல்முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

நான் என்ன காரியம் செய்கிறேன்?

ஜூலை 1

தினமும் கேட்கிறாள். தினமும் படித்துக் காட்டுகிறேன். இங்கே ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிறது. ஆனால் அந்த எண்களைப் படிக்கும்போது எனக்கே முதுகில் வெயில் உறைக்கிறது. ஒரு முற்றம் தெரிகிறது. கொடி தெரிகிறது. அங்கே ஒருவர் எனக்கு முதுகு காட்டி நிற்கிறார்.

தூக்கக் குறைவுதான். வேறென்ன?

ஜூலை 8

குழு ஒருவழியாகக் கூடியது. இரண்டு நிலையங்களையும் நீக்க உத்தரவு. பொத்தானை அழுத்தியது நான்தான். இரண்டு கோடுகளும் ஒன்றாக நின்றன. வெப்சைட்டில் அந்த இடம் இப்போது சாம்பல் நிறம்.

ஜூலை 9

"அங்க இன்னிக்கு எப்படிண்ணா?"

போனை எடுக்கவில்லை. குனிந்து ஷூ மாட்டிக்கொண்டே, "இளவெயில்மா. லேசான காத்து" என்றேன்.

"அப்போ துணியெல்லாம் காய்ஞ்சிருக்கும்" என்றாள்.

"காய்ஞ்சிருக்கும்மா" என்றேன்.