சுவருக்கும் ரேக்குக்கும் நடுவில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

புது ஆபீஸில் இணையக் கருவிகள் வருவதற்கு முன் அறையைத் தயார் செய்வது என் பொறுப்பு. அவற்றை அடுக்கும் ரேக் நம் பீரோவைவிட உயரம். அதன் பின்னால் ஓர் ஆள் நின்று வயர் மாட்ட இடம் விடச் சொன்னேன். சூப்பர்வைசருக்கோ தன் மேஜையை அங்கே போட ஆசை.

"பொட்டிக்கு எதுக்கு இவ்ளோ எடம்? சுவரோட ஒட்டித் தள்ளுங்கப்பா!" என்று வேலையாட்களிடம் சொன்னார். நான் பின்னால் அளந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை, தள்ளிவிட்டார்கள். பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டே, "பொட்டிக்கு இல்ல சார், ஆளுக்கு!" என்று கத்தினேன்.

பதறிப்போய் இழுத்தார்கள். அவரே சாக்பீஸ் எடுத்து, நான் கேட்ட அளவுக்குத் தரையில் கோடு போட்டார். மேஜை வெளியே போய்விட்டது. ஒட்டடைக்குச்சி என்று திட்டுவாயே, அந்த உடம்புதான் என்னைக் காப்பாற்றியது.

சட்டைப் பொத்தான் மட்டும் தெறித்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நீல நூல் கொடுத்தனுப்பு. இங்கே நூல் கிடைக்காமல் இல்லை. சரி, அனுப்ப வேண்டாம். பொத்தானைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் ஊருக்கு வரும்போது நீயே தைத்துக் கொடு.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் ஒட்டடைக்குச்சி